கேசரி இன்றும் சாப்பிடவில்லை

மணி பதினொன்றாகி ஐந்து நிமிஷம். கதவைச் சாத்தியாயிற்று, கண்ணாடிப் பெட்டியின் மேல் பழைய போர்வையைப் போர்த்தியாயிற்று, எலியை இடுக்கியால் பிடித்து உள்ளே டைல்ஸ் துண்டின் மேல் வைத்துமாயிற்று, இனி ஒரு மணி நேரத்துக்கு எட்டிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அது மிரண்டு போகும், மிரண்டால் வாயைத் திறக்காது, எல்லாம் தரணி எழுதி ஒட்டிவிட்டுப் போன சட்டம். கலாமணி கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். மார்கழி மாசத்து ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கறி கிடையாது, அரிசியும் பருப்பும் ஆக்கிவிட்டால் போதும், ஆனால் எலி மட்டும் உண்டு, அட கெரகமே, வடவள்ளி முழுக்க விடியக் கோலம் போட்டுப் பூசணிப்பூ வைக்கிற மாசத்தில் நான் ஒருத்தி மட்டும் செத்த எலியை வெதுவெதுத் தண்ணீரில் போட்டு ஐஸ் விடக் காத்துக்கிடக்கிறேனே என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. உள்ளே இருப்பது கேசரி. மகன் தரணி நாலு வருஷம் வளர்த்த பாம்பு. ஆப்பிரிக்கப் பக்கத்து மலைப்பாம்பு ஜாதியாம், விஷம் இல்லையாம், நாலடி அஞ்சடிக்கு மேல் வளராதாம், பயந்தால் பந்தாய்ச் சுருண்டுகொள்ளுமாம், அவ்வளவுதான் அதன் வீரம். நெய் விட்டுக் கிண்டி இறக்கின நிறம், அதனால் அந்தப் பேர். அது சாப்பிட்டுப் பதினாறு வாரம் தாண்டிவிட்டது. பதினாறு ஞாயிற்றுக்கிழமை எலி வைத்து, பதினாறு தடவையும் வைத்தது வைத்தபடி எடுத்துக் கொய்யா மரத்தடியில் புதைத்திருக்கிறாள். இது பதினேழாவது எலி.

பன்னிரண்டு மணிக்குத் தரணி கூப்பிடுவான். பெங்களூரிலிருந்து. “சாப்புட்டுச்சாம்மா?” என்பான். “இல்ல கண்ணு” என்பாள். சூடு எவ்வளவு இருக்குது, முப்பத்திரண்டு, தண்ணி மாத்துனியா, மாத்துனேன், சரி வெச்சிர்றேன். ரெண்டு நிமிஷம், சில வாரம் அதுகூட இல்லை. பெற்று இருபத்தேழு வருஷம் வளர்த்த மகனில் அவளுக்கு மிச்சம் கிடைப்பது வாரத்துக்கு அந்த ரெண்டு நிமிஷம். நீ என்ன சாப்பிட்டே, சளி புடிச்ச மாதிரி இருக்குதே குரல், எந்தப் பக்கம் ரூம் எடுத்திருக்கறே என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தாள். “அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்று வைத்துவிட்டான், அடுத்த வாரம் கூப்பிடவே பயந்தாள், இல்லை, அவள் கூப்பிட்டால்தான் எடுக்க மாட்டானே, அவன் கூப்பிடாமல் போய்விடுவானோ என்று பயந்தாள். அதிலிருந்து பேச்சு கேசரி மட்டும். கார்த்திகையில் ஒரு ஞாயிறு சொன்னான், இடம் பார்த்துவிட்டானாம், பாம்பு வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டாராம், சினேகிதன் அருள் காரில் வந்து வாங்கிக்கொண்டு போவானாம். காலி வயிற்றோடு ஊர் மாற்றக் கூடாதென்று பாம்பைப் பார்க்கிற டாக்டர் சொல்வதால், ஒரே ஒரு தடவை அது சாப்பிட்டுச் செரித்துவிட்டால் போதும், எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றான். “நீ வர மாட்டியா கண்ணு?” “நான் அந்த வாசப்படி ஏற மாட்டேன்னு சொன்னேன்ல.” சொன்னான்தான். ஆக, கேசரி சாப்பிட்டால் அருள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு யார் எதற்காகக் கூப்பிடப் போகிறார்கள். சாப்பிடாவிட்டால் செத்துப்போகும், அப்போதும் போன் வராது, அப்போது வேறு விதமாக வராது, கடைசி வரைக்கும் வராது. எந்தப் பக்கம் புரட்டிப் போட்டாலும் அதே இடத்தில் வந்து நிற்கிறதே என்று ஒரு வெங்காயத்தை மேல்தோலுக்கும் கீழே ரெண்டு மடிப்பு சேர்த்து உரித்துவிட்டாள்.

ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறது. இந்தக் கேள்வியைப் பல் விளக்கும்போது கேட்டிருக்கிறாள், பஸ்ஸில் கேட்டிருக்கிறாள், மருதமலைப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது முருகனிடமும் கேட்டாள், ஒரு பாம்புக்காக வேண்டிக்கொள்ள வந்தவளை அவர் இதுவரை பார்த்திருக்க மாட்டார், பார்த்திருந்தால் மயில் ஒரு பக்கம் முறைத்திருக்கும். சுவரில் ஒட்டிய காகிதத்தில் தரணியின் கோழிக்கிறுக்கல் எழுத்து அவளுக்கு மனப்பாடம். குளிர் இருந்தால் சாப்பிடாது. சட்டை உரிக்கிற சமயம் கண் பால் பூத்து நிற்கும், அப்போது சாப்பிடாது. எலி பெரிசாய் இருந்தால், சத்தம் இருந்தால், ஆள் நடமாட்டம் இருந்தால், அடிக்கடி தொட்டால், இடம் மாறினால். ஆண் பாம்பு குளிர்காலத்தில் சும்மாவே ரெண்டு மூணு மாசம் பட்டினி கிடக்கும், பயப்படாதே என்றும் எழுதியிருந்தான், அந்த பயப்படாதேயைத்தான் அவள் அதிகம் படித்தாள், அது தனக்கு எழுதினதென்று நினைத்துக்கொண்டு. குளிருக்குக் கீழே சூட்டு விரிப்பு போட்டிருக்கிறது. ஜன்னலோரத்திலிருந்து பெட்டியை நகர்த்தினாள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வரைக்கும் மிக்ஸி போடுவதில்லை, அந்த ரூமில் சாம்பிராணி காட்டுவதை நிறுத்தினாள், சின்ன எலியாக வாங்கிப் பார்த்தாள். சட்டையும் உரித்து முடித்துவிட்டது, அதையும் எடுத்துத் தரணியின் அலமாரியில் மடித்து வைத்திருக்கிறாள், ஏன் வைத்தாள் என்று கேட்டால் தெரியாது. ஒருவேளை அவனைத் தேடுகிறதோ என்று ஒருநாள் டாக்டரிடம் கேட்டாள். “பாம்புக்குப் பாசமெல்லாம் தெரியாதுங்கம்மா. சூடு தெரியும், வாசனை தெரியும், அவ்வளவுதான்” என்றது அந்தப் பொண்ணு டாக்டர். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்படியென்றால் இந்த வீட்டில் அவனைத் தேடுவது நான் ஒருத்திதானா. போன வாரம் சமையல்கட்டுத் தராசில் நிறுத்தபோது ஆயிரத்து இருநூற்று முப்பது கிராம் காட்டியது, தரணி போனபோது அது ஆயிரத்து நானூறு. கையில் தூக்கினால் நடுமுதுகில் எலும்பு வரி வரியாகத் தட்டுப்படுகிறது. முதல் மாசம் முழுக்க அதைத் தொட மாட்டேனென்று துணியைச் சுற்றிக்கொண்டு தூக்கினவள்தான், இப்போது வெறுங்கையால் தூக்குகிறாள், தூக்கியதும் வெசனமாக இருக்கிறது.

ஆனால் இப்போது காரணம் தெரிந்துவிட்டதே. புதன்கிழமையே தெரிந்துவிட்டதே. டாக்டர் பொண்ணு போனில், “நீங்க எலியை எப்படிக் குடுக்கறீங்கன்னு ஆரம்பத்துல இருந்து ஒவ்வொண்ணாச் சொல்லுங்கம்மா” என்றது. ஃபிரிட்ஜிலிருந்து எடுப்பேனுங்க, தண்ணியில போட்டு ஐஸ் விட்ட பொறவு மஞ்சத்தூளும் உப்பும் போட்டு ரெண்டு தண்ணி அலசுவேனுங்க, அப்பறம் துணியில ஒத்தி எடுத்து மறுபடியும் சூடு பண்ணி. அதோடு அந்தப் பொண்ணு மறித்தது. “மஞ்சத்தூள் எதுக்குங்கம்மா?” “எதுக்குன்னா? கறி மீனெல்லாம் அப்படித்தானுங்களே கழுவோணும். கவிச்சி போகோணுமில்லீங்க.” “அம்மா, அதுக்குக் கவிச்சிதான் சாப்பாடே” என்றது அந்தப் பொண்ணு. சிரிக்காமல்தான் சொன்னது, சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதுக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாதுங்கம்மா, நாக்கை நீட்டி நீட்டி வாசனையைத்தான் பாக்கும், நீங்க வெச்சது அதுக்கு எலியே இல்லீங்க. கலாமணிக்கு அப்படியே குப்பென்று வேர்த்துவிட்டது. முப்பது வருஷமாக எந்தக் கறி வந்தாலும் தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போகிற கை, அந்தக் கையை யார் சந்தேகப்படுவார்கள், இவ்வளவு காரணம் எழுதின தரணிக்குக்கூட இப்படி ஒன்று நடக்கும் என்று தோன்றவில்லையே. அவன் கழுவாமல் வைத்தான், அது சாப்பிட்டது. நான் சுத்தபத்தமாகச் செய்தேன், அது பட்டினி கிடந்தது. பதினாறு வாரம் அதன் முன்னால் சாப்பாட்டை வைத்து, சாப்பாட்டைப் பிடுங்கியும் வைத்திருக்கிறேன். புதன்கிழமை ராத்திரியே தரணிக்கு மெசேஜ் எழுதினாள், கண்ணு காரணம் தெரிஞ்சுருச்சு என்று, எழுதி அழித்தாள். வெட்கம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வெட்கந்தானா. இன்றைக்குக் கழுவவில்லை. கை டப்பாவைத் திறந்தது, திறந்ததும் நிறுத்தினாள், மூடினாள். மூடினேனா, இல்லை ஒரு சிட்டிகை போட்டுவிட்டு மூடினேனா. திறந்தது ஞாபகமிருக்கிறது, மூடியைத் திருகினது ஞாபகமிருக்கிறது, நடுவில் என்ன. விரலைப் பார்த்தாள், நகக்கண்ணில் மஞ்சளாக ஏதோ இருக்கிறது, அது முந்தாநாள் பருப்புக்குப் போட்டதாக இருக்கலாம். முகர்ந்து பார்த்தாள், வெங்காய வாசனைதான் வந்தது. போடவில்லை, போட்டிருந்தால் தண்ணீர் மஞ்சளாகியிருக்கும், தண்ணீர் எப்படி இருந்தது, பார்க்கவே இல்லை, கொட்டிவிட்டேன்.

ஹாலில் டிவி ஓடுகிறது. அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஞாயிற்றுக்கிழமை லேத் பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தால் சாப்பிடத்தான் எழுந்திருப்பார். இந்தப் பக்கம் வர மாட்டார். இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கோணும், இல்ல நான் இருக்கோணும் என்று கத்தின மனுஷன், கடைசியில் பாம்பும் இருக்கிறது அவரும் இருக்கிறார், போனது பையன். பெருந்துறையிலிருந்து பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த நாள். ஒரே ஒருநாள் பெட்டியைப் பட்டறையில் வைடா என்று காலையிலிருந்து கேட்டார், பட்டறைச் சத்தத்தில் அது தாங்காது என்றான் தரணி, ரூமைச் சாத்தி வைத்தால் போதும் என்று அவளும் சொன்னாள். பெண்ணின் சித்தப்பா பாத்ரூம் என்று நினைத்து அந்தக் கதவைத் திறந்தார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பதினோரு பேர் ஹாலில் இருந்தார்கள், பதினோரு பேரும் பார்க்க, சென்னியப்பன் எழுந்து போய், இருபத்தேழு வயசுப் பையனைக் கன்னத்தில் அறைந்தார். அவள் கையில் காப்பித் தட்டு இருந்தது. அவள் என்ன செய்தாள். “எடுத்துக்குங்க” என்று பக்கத்தில் இருந்த பெண் வீட்டு அம்மாவிடம் தட்டை நீட்டினாள். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அடுத்தவரிடம் போனாள், “சக்கரை பத்துதுங்களா?” என்றுகூடக் கேட்டாள், கேட்டது தன் வாய்தான், சக்கரை, அந்த நேரத்தில் சக்கரை. வரிசையாகப் பதினோரு டம்ளரும் கொடுத்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தரணி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அப்பாவை இல்லை. மூணாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, “அவரு அப்படித்தான், எனக்குத் தெரியும். நீ காப்பி குடுத்துட்டு இருந்தீல்லம்மா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல்தான் கொடுத்தேன் கண்ணு என்று சொல்லலாம், அது உண்மையும்கூட, ஆனால் எங்கே சொல்வது, சூடு எவ்வளவு என்பதற்கும் தண்ணி மாத்துனியா என்பதற்கும் நடுவில் அதை எங்கே சொருகுவது.

தரணி ஆறாம் வகுப்புப் படிக்கும்போதும் அவர் ஒருதடவை பெல்ட்டை எடுத்தார், கணக்கில் பதினெட்டு மார்க். அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடவில்லை, மறுநாள் முழுக்கச் சாப்பிடவில்லை, தட்டைக் கொண்டுபோய் வைத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பட்டினி கெடக்கட்டும், பசிச்சாத் தானா வருவான் என்றார் அவர். அவள் பேக்கரியில் பன் பட்டர் ஜாம் வாங்கி, பின்பக்கமாக வந்து, ஜன்னல் கம்பிக்குள் கை விட்டுக் கொடுத்தாள். ரெண்டு நிமிஷம் கழித்துத்தான் அவன் கை வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொய்யா மரத்தடியில் நின்றாளே, அன்றைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அன்றைக்குக் கையாவது கம்பிக்குள் நுழைந்தது. இப்போது எங்கே நீட்டுவது. போன் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் இதோ கதவுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறதே, அது வாயைத் திறக்காமல் இருக்கிற வரைக்கும்தான். இன்னிக்கும் சாப்பிடாமல் இருந்தால் பரவாயில்லை. நினைத்து முடித்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்று அவளுக்கு உறைத்தது. அடிப்பாவி. வாயில்லாத ஜீவன், எலும்பு தட்டுகிறது, அதைப் போய்ச் சாப்பிடாதே என்று வேண்டுகிறாயே, நீயும் ஒரு பொம்பளையா. அதனால்தான் புதன்கிழமை மெசேஜை அழித்தாயா. அதனால்தான் கை இன்றைக்கும் டப்பாவைத் திறந்ததா. இல்லை இல்லை, அது பழக்கம், பழக்கம்தான், திறந்தேன், நிறுத்தினேன், மூடினேன், தண்ணீர் வெள்ளையாகத்தான் இருந்தது, ஆமாம், வெள்ளையாகத்தான் இருந்தது. கண்ணில் நீர் வழிந்தது, வெங்காயம் என்று யாரிடமும் சொல்லவேண்டிய அவசியமில்லை, அங்கே யாரும் இல்லை.

பதினொன்று நாற்பது. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கிறது, திறக்கக் கூடாது. முறத்தைக் கீழே வைத்தாள். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினாள், செருப்பில்லாத காலையும் தூக்கித் தூக்கி வைத்தாள், போர்வையின் ஒரு மூலையை ரெண்டு விரலால் தூக்கினாள். டைல்ஸ் துண்டு காலியாக இருந்தது. முதலில் எலி எங்கோ உருண்டுவிட்டது என்றே நினைத்தாள். அப்புறம் கேசரியின் தலையைப் பார்த்தாள். தலை தலையாகவே இல்லை, தாடை அகன்று கோணிக்கொண்டு கிடந்தது, வாயோரத்தில் எலியின் வால் சேமியா மாதிரி தொங்கியது. கழுத்துப் பக்கம் ஒரு தடவை நெளிந்தது. வால் அரை விரல்கடை உள்ளே போனது. நின்றது. திரும்பவும் நெளிந்தது. கலாமணி மூச்சுவிடவில்லை. முழுங்கு சாமி, முழுங்கு, அவசரமில்லை, மெதுவா, என் தங்கம், மெதுவா. வால் முழுக்க உள்ளே போனதும் அது வாயைப் பெரிசாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது, தாடையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்துச் சரிபண்ணிக்கொண்டது, நாக்கை ரெண்டு தடவை நீட்டியது. வயிறு முட்டிப் புடைத்திருந்தது. பதினாறு வாரம் கழித்து. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு வந்தது, நெஞ்சில் இத்தனை நாள் கிடந்த ஏதோ ஒன்று நகர்ந்து மூச்சு விடத் தாராளமாக இருந்தது, போர்வையை மூடிவிட்டு யாரிடமாவது சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்று ஹாலுக்கே ஓடினாள். சென்னியப்பன் திரும்பிப் பார்த்து, “என்ன?” என்றார். பாம்பைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசி நாலு மாசமாகிறது. “ஒண்ணுமில்லீங்க. சோறு ஆக பன்னண்டரை ஆயிரும்” என்றாள். அடுப்படிக்குப் போனாள், உலையில் அரிசியைப் போட்டாள், அவனிடம்தான் சொல்ல வேண்டும், அவன் எவ்வளவு சந்தோஷப்படுவான், நாலு மாசத்தில் முதல் தடவையாக அவன் சிரிக்கிறதைக் கேட்கலாம், ஒரு தடவை கேட்கலாம். ஒரே ஒரு தடவை. கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். செரிக்கப் பத்து நாள். அப்புறம் அருள் வருவான்.

பன்னிரண்டாகி ரெண்டு நிமிஷத்தில் போன் அடித்தது. ஹாலில் டிவியின் சத்தம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த நேரத்தில் அவர் அதைக் குறைப்பார், தலையைத் திருப்பாமல். அவள் போனை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். “சாப்புட்டுச்சாம்மா?” என்றான் தரணி. சாப்புட்டுச்சு கண்ணு, சாப்புட்டுச்சு, முழுசாச் சாப்புட்டுச்சு என்று சொல்ல வாயைத் திறந்தாள், “இல்ல கண்ணு” என்று சொன்னது அவள் வாய்தான். சரி வெச்சிர்றேன் என்று அவன் சொல்லவில்லை. “பதினேழு வாரம்மா” என்றான், குரல் உடைந்துபோய், “நான் படிச்சதுல எதுலயுமே இல்லம்மா இந்த மாதிரி. செத்துருமாம்மா? எல்லாந்தான் பண்றியே. ஏம்மா சாப்புட மாட்டேங்குது?” அழுகிறான். ஒரு வார்த்தை சொன்னால் அழுகை நின்றுவிடும், அந்த ஒரு வார்த்தை அவளிடம் இருக்கிறது, போர்வைக்கு அடியில் வயிறு நிறைந்து படுத்திருக்கிறது, சொல்லிவிடு, சொல்லிவிடு கலாமணி. “அழுவாத சாமி” என்றாள். “எனக்கும் தெரியலையே.” எடை எவ்வளவு இருக்குது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான், போன வாரத்து எடையைச் சொன்னாள். முதுகு எப்படி இருக்குது, கண்ணு தெளிவா இருக்குதா, மூச்சு விடறப்ப சத்தம் வருதா, ஒவ்வொன்றாகக் கேட்டான், ஒவ்வொன்றுக்கும் அவள் நின்று நிதானமாகப் பதில் சொன்னாள், அழுத குரலில் அவன் எதையெதையோ பேசிக்கொண்டே போனான், ரூமில் ரொம்பக் குளிராக இருக்கிறதென்றும் தனக்கும் ஒரு வாரமாகக் காய்ச்சல் என்றும் நடுவில் அவனே சொன்னான். பதினஞ்சு நிமிஷம் பேசியிருப்பார்கள், அதற்கு மேலும் இருக்கும். அடுப்படியில் சோறு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. “அடுத்த வாரம் என்னம்மா பண்றது?” என்றான் கடைசியாக. “மறுபடியும் வெச்சுப் பாக்கறேன் கண்ணு” என்றாள். “நீ கூப்புடு.”